6 ஜிபி போட்டேன், 2 ஜிபிதான் என்றது

தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய குறிப்புகளின் அடுத்த பகுதியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மருதூர் அணையோடு அப்படியே நிற்கிறது. காரணம் ஒரு லேப்டாப். நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டவற்றை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். ஆராய்ச்சிக் குறிப்பு என்றால் கல்வெட்டும் செப்பேடும் மட்டும்தானா என்ன.

லேப்டாப் என் அக்கா மகளுடையது. 2012-ல் அம்பாசமுத்திரத்தில் ப்ளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். இன்றைக்கும் பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். செல்போனில் வகுப்பு பார்த்துப் பார்த்துக் கண் வலி. பரணிலிருந்து அதை இறக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

"மாமா, இது தேறுமா தேறாதானு பாத்துச் சொல்லுங்க. புதுசு வாங்க இப்ப வழியில்ல. ஆயிரத்து ஐநூறு வச்சிருக்கேன், அதுக்குள்ள முடியுமா?"

அந்த 1,500 ரூபாய் அவள் எப்படிச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டுக் கடைக்குப் போகாமல் முதலில் உட்கார்ந்து யோசித்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் சொந்த மேசைக் கணினிக்கு இப்படி அவசரப்பட்டு வாங்கிப் பணத்தைக் கோட்டை விட்டவன் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வி: கணினி மெதுவாக ஓடுவதற்கு ரேம்தான் காரணமா? எல்லா மெதுவுக்கும் ரேம் மருந்தல்ல. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். வழக்கமாகச் செய்யும் வேலையை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் வழி. நிரம்பி வழிகிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் ரேம்தான் குறை. இவள் கணினியில் இருந்தது 2 ஜிபி. பிரவுசரில் மூன்று பக்கம் திறந்தால் மூச்சு முட்டியது.

ரேம் நிரம்பிவிட்டால் கணினி என்ன செய்யும்? இப்போதைக்குத் தேவையில்லாததை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடிப் போக ஏறத்தாழ 10 மில்லி விநாடி. ரேமில் அதே வேலை 100 நானோ விநாடிக்குள் முடியும். லட்சம் மடங்கு வித்தியாசம். கைக்கெட்டும் தாளை எடுக்க ஒரு விநாடி என்றால், டிஸ்க்கில் இருப்பதை எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. என் சொந்தக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். பேட் எழுதிய 1917-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி கெசட்டியரின் பக்கங்களை எழுத்துணரிக்குக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 அளவுத் தாளை 600 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் வருடினால் 4,960-க்கு 7,016 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட். டிஸ்க்கில் அது சின்னக் கோப்பாகத் தெரியும், ஆனால் திறந்ததும் ரேமில் 104 எம்பி பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு பக்கம்! பத்துப் பக்கத்தைச் சேர்த்துத் திறந்தால் 2 ஜிபி கணினி என்ன பாடுபடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரேம்தான் குறை. எந்த ரேம்?

லேப்டாப் ரேம் மேசைக் கணினி ரேமில் ஏறத்தாழ பாதி நீளம்தான் இருக்கும். ஒன்றை மற்றதில் போட முடியாது. லேப்டாப் வகையில் டிடிஆர்2-க்கு 200 முனை, டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260. நடுவில் இருக்கும் வெட்டும் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறும், எனவே தப்பான தலைமுறையை உள்ளே தள்ளவே முடியாது. முடியவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

உள்ளே ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது. சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, கையால் ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும்) அடி மூடியைத் திறக்க வேண்டும். இரு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ரேம் தானாகச் சாய்ந்து எழும்பும். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். அதுதான் ஜாதகம். ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதை நம் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்-11.

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. 4ஜிபி கொள்ளளவு. பிசி3 என்றால் டிடிஆர்3. பக்கத்தில் 'எல்' இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது. 'எல்' இல்லாவிட்டால் 1.5 வோல்ட். 12800 என்பது விநாடிக்கு எத்தனை எம்பி கடத்தும் என்ற கணக்கு. அதை 8-ஆல் வகுத்தால் 1600 என்ற வேகம் வரும். கடையில் '1600 ரேம்' என்பதும் ஸ்டிக்கரில் 12800 என்பதும் ஒன்றுதான். 'எஸ்' என்றால் லேப்டாப் அளவு. 'யு' என்றால் மேசைக் கணினி. 'ஆர்' என்றால் சர்வர் ரேம். இந்த 'ஆர்' விஷயத்தில் கவனம்: பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், மேசைக் கணினியின் ஸ்லாட்டில் அச்சாகப் பொருந்தவும் செய்யும், ஆனால் சாதாரண போர்டில் ஓடாது. கடைசியில் இருக்கும் 11 தாமத எண், நமக்கு முக்கியமில்லை.

வேகத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். 1333 ஓடும் கணினியில் 1600 போட்டால் அது 1333-க்கு இறங்கி ஓடும், சண்டை போடாது. வோல்ட்டேஜ்தான் கவனிக்க வேண்டியது. 'எல்' ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும்படி செய்யப்பட்டது, ஆகவே பழைய லேப்டாப்பில் அதைத் தாராளமாகப் போடலாம். திருப்பிப் போட்டால் வம்பு: 1.35 வோல்ட் மட்டும் கொடுக்கும் பிற்கால லேப்டாப்பில் 'எல்' இல்லாத ரேமைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

இனி 'எக்ஸ்8'-க்கும் அதன் முன்னால் இருக்கும் 1-க்கும் வருகிறேன். என் பணம் போனது இங்கேதான்.

என் மேசைக் கணினியின் போர்டில் இன்டெல் ஜி41 சிப்செட். நம் ஊரில் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, ஆடிட்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் இதுதான். இரண்டு ஸ்லாட், மொத்தம் 8 ஜிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். பீப், பீப், பீப். திரையில் ஒன்றுமில்லை. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், அவர்கள் கணினியில் மாட்டிக் காட்டினார்கள், ஜோராக ஓடியது. "ரேம் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, ஒங்க போர்டுதான் போச்சு." திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போர்டு போயிற்று என்று நானும் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போர்டு போகவில்லை. ரேமின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புச் சிப்புகளை எண்ணியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். கணினி ஒரு தடவைக்கு 64 பிட்டாக ரேமிலிருந்து எடுக்கிறது. 'எக்ஸ்8' என்றால் ஒரு சிப் 8 பிட் கொடுக்கும். ஆக 8 சிப் சேர்ந்தால் ஒரு வரிசை. அந்த வரிசைக்குத்தான் ரேங்க் என்று பெயர். 4 ஜிபியை இரண்டு விதமாகக் கட்டலாம். சிப்புக்கு 256 எம்பி வீதம் 16 சிப், இரண்டு வரிசை: 2ஆர்எக்ஸ்8. அல்லது சிப்புக்கு 512 எம்பி வீதம் 8 சிப், ஒரே வரிசை: 1ஆர்எக்ஸ்8. விலை ஒன்று, கொள்ளளவு ஒன்று, வேகம் ஒன்று. ஆனால் 256 எம்பி சிப்புக்குள் 32,768 வரிகள். 512 எம்பி சிப்புக்குள் 65,536 வரிகள். முதலாவதில் ஒரு வரியைக் குறிப்பிட 15 பிட் போதும், இரண்டாவதற்கு 16 வேண்டும். ஜி41 உருவான காலத்தில் அந்தப் பெரிய சிப் புழக்கத்துக்கு வரவில்லை. அதனிடம் இருப்பது 15 முகவரிக் கம்பிகள். பதினாறாவது கம்பி இல்லாமல் அந்தச் சிப்போடு அதனால் பேச முடியாது. அவ்வளவுதான் விஷயம்! இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள பழைய மாதிரி 4 ஜிபி ரேமைத் தேடிப் போட்டதும் அதே போர்டு எழுந்துகொண்டது. இன்றைக்கும் ஓடுகிறது, இந்தப் பதிவையே அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதே காரணத்தின் இன்னொரு முகம்தான் ஆன்லைனில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டு விற்கப்படும் மலிவு ரேம். அதில் 'எக்ஸ்4' சிப்புகள் இருக்கும். இன்டெல் போர்டுகள் அதைத் தொடாது. விலை பாதிதானே என்று ஆசைப்பட வேண்டாம்.

அக்கா மகளுடைய லேப்டாப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சாண்டி பிரிட்ஜ் தலைமுறைப் பென்டியம். ஜி41-க்கு அடுத்த காலம், 512 எம்பி சிப் அதற்குப் பழக்கமானது. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. ஆகவே 4 ஜிபி டிடிஆர்3 லேப்டாப் ரேம் ஒன்று, 'எல்' இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. 2-ம் 4-ம் சேர்ந்து 6. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கொஞ்சம் வேகம் கூடும், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக உள்ளே இருக்கும் 2 ஜிபியைத் தூக்கிப் போடுவது புத்தியில்லை.

ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் விசாரித்தேன். ஒரு கடைத் தம்பி சிரித்தார். "டிடிஆர் த்ரீயா? இப்ப யாரு அண்ணாச்சி அதக் கேக்கா? பழசு ரெண்டு கெடக்கு. வாரண்டி கிடையாது. வெலையும் முன்ன மாதிரி இல்ல, ஏறிட்டு."

ஏறியது நிஜம். 2025-ன் பிற்பகுதியிலிருந்து மெமரி விலை உலகம் முழுக்கத் தாறுமாறு. உலகத்தின் ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் கூடுதல் என்று ஆலைகளை அந்தப் பக்கம் திருப்புகிறார்கள். மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் தன் க்ரூஷியல் வணிகத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கோ ஒரு ஊரில் கட்டும் டேட்டா சென்டருக்கும் அம்பாசமுத்திரத்துப் பெண்ணின் 1,500 ரூபாய்க்கும் இப்படி ஒரு முடிச்சு.

இந்த நிலையில் பழைய ரேம்தான் வழி. அதில் பயப்பட ஒன்றுமில்லை. சுழலும் பாகம் கிடையாது, தேய்மானம் கிடையாது. பத்து வருஷம் ஓடிய ரேம் இன்னும் பத்து வருஷம் ஓடும். சென்னை ரிச்சி தெருவில் யாரையாவது சொல்லி வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் வீட்டு லேப்டாப் நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்போது மூழ்கிய லேப்டாப்பை மனசு வராமல் வைத்திருந்தார். கேட்டேன், "எடுத்துக்கிடுங்க, அதுல என்ன உசுரா இருக்கு" என்றார்.

திறந்தால் உள்ளே தாமிரபரணி வண்டல். போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஆனால் ரேம் இருந்தது: அதே 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து மண்ணை எடுத்தேன். பிறகு நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்: பென்சில் ரப்பரால் தங்க முனைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, திரும்ப ஆல்கஹால். முனையில் தங்கப் பூச்சு மெல்லியது. மூர்க்கமாகத் தேய்த்தால் போய்விடும். நல்லவேளை, முனைகளைப் பச்சை அரித்திருக்கவில்லை. அரித்திருந்தால் தூக்கி எறிவதுதான் மரியாதை. (சொல்ல மறந்தேன்: திடீரென்று திரை வராமல் பீப் அடிக்கும் பாதிக் கணினிகளுக்கு இந்த ரப்பர் வைத்தியமே போதும். புது ரேம் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.)

மாட்டினேன். சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் 'டிக்' என்று கிளிப் பிடிக்கும். ஆன் செய்தால் பயாஸில் 6 ஜிபி. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து நின்றுவிட்டேன். விண்டோஸ் வந்தது. மை கம்ப்யூட்டரில் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன்.

6.00 ஜிபி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: பயன்படுத்தக்கூடியது 2.00 ஜிபி.

கழற்றி மாட்டினேன். ஸ்லாட் மாற்றினேன். மறுபடி ரப்பர். அதே 2.00. அரை நாள் போன பிறகுதான் அந்தப் பக்கத்தின் மேல் வரியைப் படித்தேன்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். நெட்புக் போன்ற சின்னக் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் மலிவாகக் கொடுத்த பதிப்பு. அதற்கு 2 ஜிபி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கணினியின் இயலாமை இல்லை, உரிமத்தில் போட்ட கோடு. விண்டோஸ் 7-ன் மற்ற 32 பிட் பதிப்புகளுக்கு 4 ஜிபி வரம்பு. 64 பிட்டில் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16. நீங்கள் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொடுத்த நான் அதைக் கடைசியில் பார்த்தேன்.

எப்படியும் அந்த விண்டோஸை வைத்துக்கொள்ள முடியாது. 2020 ஜனவரி 14-ஓடு அதற்கான பாதுகாப்பு உதவி முடிந்துவிட்டது. குரோம் பிரவுசரும் 2023-ல் அதைக் கைவிட்டுவிட்டது. அவளுடைய வகுப்புத் தளம் அதில் திறக்கவே இல்லை. ஆகவே 64 பிட் லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, ஒரு பென்டிரைவில் ஏற்றி முதலில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தேன். மெமரி ஏறக்குறைய முழுதாகத் தெரிந்தது. கொஞ்சம் குறையும், திரைக்கான பங்கைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், அது திருட்டு இல்லை.

நிறுவும் முன் ஒன்று பாக்கி. வெள்ளத்தில் கிடந்த ரேம். கெட்டுப்போன ரேம் எப்போதும் பீப் அடிக்காது, அடித்தால் நல்லது. அங்கங்கே ஒரு பிட்டை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். கோப்பைப் பிரதி எடுக்கும்போது அந்தத் தப்பும் சேர்ந்து டிஸ்க்கில் எழுதப்படும். அணைக்கட்டுப் பதிவேடுகளின் படங்களில் ஐந்தாறு இப்படிப் பாதியில் சாம்பல் பட்டையாகி எனக்கே நாசமாகியிருக்கின்றன. மூலத்தைத் திரும்பப் படமெடுக்க அனுமதி வாங்க ஒரு வருஷம் ஆயிற்று. எனவே மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி பூரா ஓடவிட்டேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம் என்பது என் கணக்கு. காலையில் பார்த்தேன். பல சுற்று முடிந்திருந்தது. பிழை பூஜ்யம்.

லினக்ஸ் நிறுவி, தமிழ்99 விசைப்பலகை சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வகுப்பு ஒரு பக்கம், பாடக் குறிப்பு பிடிஎஃப் ஒரு பக்கம் திறந்து வைத்து அரை மணி நேரம் பார்த்தாள். பூட் ஆக இன்னும் ஒன்றரை நிமிடம் ஆகிறது. உள்ளே இருப்பது அதே 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த 1,500-க்குச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி கிடைக்குமா பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அத நேத்தே டெஸ்ட் பேட்ச்சுக்குக் கட்டிட்டேன் மாமா. நீங்க எப்படியும் சரி பண்ணிருவீங்கனு தெரியும்" என்றாள்.